நீரை நீக்கி உயிரைக் காத்த கதை

புசல்லாவையைச் சூழ்ந்த தேயிலை மலைகளிலே காலையிற் கிள்ளப்படும் கொழுந்து, மறுநாள் வரை கூடைக்குள்ளேயே கிடந்தால் கறுத்துப் புளித்துக் குப்பைக்கே உரியதாகிவிடும். அதே கொழுந்தை வாட்டி, அரைத்து, உலர்த்தித் தேயிலைத் தூளாக்கிவிட்டாலோ, அது கப்பலேறிக் கடல் கடந்து, மாதங்கள் பல கழிந்த பின்னரும் மணம் மாறாமற் கோப்பையில் இறங்குகின்றது. இந்த அற்புதத்துக்கு முதற் காரணம் யாது? பச்சை இலையில் நூற்றுக்கு 75 வீதத்துக்கும் மேலாக இருந்த நீரை நூற்றுக்கு 3 வீதமளவுக்குக் குறைத்துவிட்டதே ஆகும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இஃது ஒரு புதிய செய்தியன்று. யாழ்ப்பாணத்து ஒடியலும், மன்னார்க் கருவாடும், முற்றத்துப் பாயிற் காயும் மோர்மிளகாயும் வடகமும் இந்த உண்மையைத் தலைமுறை தலைமுறையாகக் கூறிவருகின்றன. நீருள்ள இடத்தில் மாற்றம் உண்டு. மாற்றம் உள்ள இடத்தில் அழிவும் உண்டு. நீரை நீக்கிவிட்டால் காலம் அப்பொருளைத் தீண்டாமல் நின்றுவிடுகின்றது.

ஆனால் கருவாடு மீண்டும் நீந்த வேண்டியதில்லை; ஒடியல் மீண்டும் முளைக்க வேண்டியதில்லை. உலர்ந்த பின்னும் உயிர் போகாமல் இருந்து, நீர் பட்டதும் மறுபடி விழித்தெழ வேண்டிய ஒரு பொருளை உலர்த்துவது எங்ஙனம்? நம் குழந்தைகளுக்கு ஏற்றப்படும் தடுப்பு மருந்துகள் சிலவற்றின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவுக்கு விடை தேடிய வரலாறேயாகும்.

நூலிலும் கண்ணாடியிலும் வந்த மருந்து

1796 ஆம் ஆண்டு மே மாதம் 14 ஆம் திகதி, இங்கிலாந்துக் கிராமமொன்றில் எட்வேர்ட் ஜென்னர் என்னும் வைத்தியர், பாற்காரப் பெண்ணொருத்தியின் கையில் இருந்த கோவம்மைக் கொப்புளத்தின் நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் புயத்திலே கீறி வைத்தார். பின்னர் அவனுக்கு வைசூரியை ஊட்டிப் பார்த்தபோது அது பற்றவில்லை. அன்றே வைசூரியின் ஆட்சிக்கு முடிவுரை எழுதத் தொடங்கிவிட்டார்கள் எனலாம். எனினும் அம்முடிவு வருவதற்கு ஏறக்குறைய 180 ஆண்டுகள் சென்றன. மருந்து கைக்கு வந்துவிட்ட பின்னரும் ஏன் இத்தனை தாமதம்?

அம்மைப்பால் என்று நம்மவர் பெயரிட்ட அந்த மருந்து உயிருள்ள பொருள். உயிர் இருக்கும்வரைதான் அது மருந்து. உயிர் போனால் வெறும் நீரே. ஜென்னர் காலத்தில் அதை நூல்களில் தோய்த்துக் காயவைத்தும், யானைத் தந்த முனைகளிற் பூசியும் ஊருக்கு ஊர் அனுப்பினார்கள். ஐரோப்பாவின் குளிரில் இது ஓரளவு பயன்பட்டது. வெப்ப நாடுகளை நோக்கி அனுப்பப்பட்ட நூல்களோ வழியிலேயே வலிமை இழந்தன. 1803 இல் ஸ்பெயின் நாட்டு வைத்தியர் பல்மிஸ், அமெரிக்கக் கண்டத்துக்கு இம்மருந்தைக் கொண்டுசெல்ல அநாதைச் சிறுவர் 22 பேரைக் கப்பலில் ஏற்றிச் சென்றார். ஒருவன் புயத்தில் எழுந்த கொப்புளத்திலிருந்து மற்றொருவன் புயத்துக்கு என, கடல் கடக்கும்வரை மருந்தைச் சிறுவர் உடலிலேயே உயிரோடு காத்தனர். புட்டியில் வைக்க வழியறியாத காலத்திலே குழந்தைகளே புட்டிகள் ஆனார்கள்.

இந்திய நாட்டுக்கு அது வந்த கதையும் இத்தகையதே. வியன்னா நகரத்து வைத்தியர் டி காரோ, அம்மைப்பாலில் நனைத்த பஞ்சை இரு கண்ணாடித் தட்டுக்களுக்கிடையே வைத்து, மெழுகில் மீண்டும் மீண்டும் தோய்த்து, உருண்டையாக்கி, பாக்தாதுக்கு அனுப்பினார். அங்கிருந்து பாஸ்ரா வழியாகப் பம்பாய் சேர்ந்த மருந்து, 1802 ஜூன் 14 ஆம் திகதி அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுப் பெண் குழந்தையின் புயத்திலே பற்றியது. இந்தியாவில் முதன்முதல் அம்மைப்பால் பலித்தது அச்சிறுமியிடத்தே. அதே 1802 ஆம் ஆண்டில் இலங்கையிலும் அம்மைப்பால் குத்தத் தொடங்கினார்கள். அக்காலத்தில் இத்தீவின் வைத்தியப் பகுதிக்குப் பொறுப்பாயிருந்த தோமஸ் கிறிஸ்டி, வைசூரி இங்கே செய்த கொடுமைகளைப்பற்றி 1811 இல் ஒரு நூலே வெளியிட்டிருக்கின்றார்.

மலைநாட்டு வழியிலே

வைசூரியின் கொடுமையை நம் மலைநாட்டார் நன்கு அறிவர். கோப்பிக் காலத்தில், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த தொழிலாளர், கண்டிச் சீமையின் கோப்பித் தோட்டங்களை வந்தடைந்தனர். வழியில் வாந்திபேதியும் வைசூரியும் கொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர். பின்னர் இருபதாம் நூற்றாண்டிலே மண்டபம் முகாம் ஏற்பட்டது. தோட்டங்களுக்கு வருவோரை அங்கே தங்கவைத்து, நோய் உண்டோவெனப் பார்த்து, அம்மைப்பால் குத்திய பின்னரே தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். இன்று தோட்டங்களில் வாழும் பல குடும்பங்களின் பாட்டன், பாட்டியர் அந்த ஊசியின் வடுவைத் தாங்கியே இம்மலைகளில் ஏறினார்கள்.

அக்காலத்து அம்மைப்பால், கன்றின் தோலிலே வளர்த்தெடுத்து, கிளிசரின் சேர்த்துக் கண்ணாடிக் குழாய்களில் அடைக்கப்பட்டதாகும். சென்னை மாகாணத்தில் சுகாதாரத் தலைமை வகித்த கர்னல் கிங் என்பவர், ஆட்டுரோமக் கொழுப்பாகிய லனோலினில் அதைக் குழைத்து வெப்பத்தைத் தாங்கச் செய்யவும் முயன்றார். அவர் பெயரால் 1899 இல் தோன்றியதே கிண்டியிலுள்ள கிங் நிலையம். இத்தனை முயற்சி செய்தும், பனிக்கட்டி கிடைக்காத கிராமத்தில் கோடை வெயிலில் அம்மைப்பால் ஒரு சில நாட்களுக்குமேல் நிலைக்கவில்லை. ஊசி குத்தியவர் குத்திக்கொண்டே போவார். மக்களும் புயத்தைக் காட்டுவார்கள். ஆனால் வடு விழாது. வடு விழாத புயத்துக்குக் காவலும் இல்லை. இதனால் மருந்தின்மீது மக்களுக்கிருந்த நம்பிக்கையும் குறைந்தது.

வெயிலிற் காயவைத்தால் என்ன?

அப்படியானால் கொழுந்தைப் போல அதையும் சூட்டிலே உலர்த்தியிருக்கலாமே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். தேயிலை உலர்த்தும் சூட்டில் வைரஸின் புரதம், கொதிநீரில் இட்ட முட்டையின் வெண்கருபோல இறுகிப் பயனற்றுப் போகும். சூடில்லாமல் மெல்ல உலர்த்தினாலும் துன்பமே. நீர் சிறிது சிறிதாக வற்றும்போது எஞ்சியிருக்கும் நீரில் உப்புக்கள் செறிந்து, நுண்ணுயிரைச் சிதைத்துவிடுகின்றன.

இந்தச் சிதைவையே ஒரு மாமேதை கருவியாக்கிக்கொண்டார் என்பது வியப்புக்குரியது. 1885 இல் லூயி பாஸ்டர், விசர்நாய்க்கடி நோயால் இறந்த முயலின் முண்ணாணைக் குப்பிக்குள்ளே தொங்கவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் காரத்தினால் நாளுக்கு நாள் உலர்த்தினார். உலர உலர நஞ்சின் வலிமை குன்றியது. வலிமை குன்றிய அதையே மருந்தாக ஏற்றி ஒரு சிறுவனைக் காத்தார். அவர் பெயரைத் தாங்கிய நிலையமொன்று 1907 இல் நீலகிரிக் குன்னூரிலும் எழுந்தது. ஆகவே சாதாரண உலர்த்தல் நுண்ணுயிரை மெலிவிக்கும் என்பது அன்றே தெரிந்த செய்தி. மெலிவிக்காமல் உலர்த்துவதற்கு வேறு வழி தேவைப்பட்டது.

கற்பூரம் காட்டும் வழி

அவ்வழியை நம் பூசையறையிலேயே காணலாம். மூடாத தட்டில் வைத்த கற்பூரம் உருகுவதில்லை, நனைவதுமில்லை, நாட்கள் செல்லச் செல்லச் சிறுத்து மறைந்துபோகின்றது. திண்மம் திரவமாகாமலே நேராக ஆவியாகும் இச்செயலைப் பதங்கமாதல் என்கிறோம். பனிக்கட்டியையும் இவ்வாறே செய்யச்செய்ய முடியும். அதற்குக் காற்றின் அமுக்கத்தைக் குறைக்க வேண்டும்.

அமுக்கம் குறைந்தால் நீர் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை மலைநாட்டார் அனுபவத்திற் கண்டிருக்கின்றார்கள். கடற்கரையிலே 100 செல்சியஸ் பாகையிற் கொதிக்கும் நீர், 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவிலே ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனாலேதான் அங்கே பருப்பு வேகத் தாமதமாகின்றது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீற்றர் இரசமளவான காற்றமுக்கம் நுவரெலியாவில் 600 அளவுக்குக் குறைந்துவிடுவதே காரணம். இதை மேன்மேலும் குறைத்து நாலரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கீழே கொண்டுவந்துவிட்டால், அங்கே நீர் என்னும் திரவ நிலையே இல்லை. பனிக்கட்டி உருகாமல் நேரே ஆவியாகிப் போகும்.

உறைய வைத்து உலர்த்தும் முறையின் இரகசியம் இதுவே. மருந்தை முதலிற் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையளவுக்கு உறைய வைக்கிறார்கள். நுண்ணுயிர்கள் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிடுகின்றன. பின்னர் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, மிகச் சிறிதளவு வெப்பம் ஊட்டுகிறார்கள். பனிக்கட்டி ஆவியாகிப் பிரிகின்றது. எஞ்சுவது புட்டியின் அடியிலே பஞ்சுபோன்ற ஒரு வெண்கட்டி. நீர் இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக இருப்பதால், மீண்டும் நீர் விட்டவுடன் அது நொடிப்பொழுதிற் கரைந்துவிடும்.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. நீர் போன இடத்தை வேறொன்று தாங்காவிட்டால் நுண்ணுயிரின் உடல் நொறுங்கும். அதற்காகச் சர்க்கரையோ புரதமோ சேர்க்கிறார்கள். கடையில் விற்கும் தெளிந்த இனிப்புக் கட்டியைப் போல, சர்க்கரை கண்ணாடியாக இறுகி, நுண்ணுயிரைச் சுற்றி நின்று அதன் வடிவத்தைக் காக்கின்றது. காசநோய்த் தடுப்பு மருந்தாகிய பி.சி.ஜி.க்கு இவ்வாறு சேர்க்கப்படுவது, உணவுக்குச் சுவையூட்டும் சோடியம் குளூட்டமேற் உப்பேயாகும்.

பிரான்சிலே 1906 இலும், அமெரிக்காவிலே ஷாக்கெல் என்பவரால் 1909 இலும் தொடங்கிய இம்முறை, இரண்டாம் உலக யுத்தத்திலே காயமுற்றோருக்கு ஏற்றும் குருதிநீரை உலர்த்தப் பெரிதும் பயன்பட்டது. அங்கே பெற்ற அனுபவம் பின்னர் அம்மைப்பாலுக்கும் வந்து சேர்ந்தது.

வைசூரி ஓடிய கதை

அதற்கு முன்னரே நம் அயலிலுள்ள ஜாவாவில் ஒரு சான்று கிடைத்திருந்தது. பாண்டூங் நகரிலே ஒட்டன் என்னும் டச்சு வைத்தியர் 1920 களில் வெற்றிடத்தில் உலர்த்திய அம்மைப்பாலை உருவாக்கினார். வெப்பத்தைத் தாங்கிய அம்மருந்தின் துணைகொண்டு, எண்ணற்ற தீவுகளைக்கொண்ட அந்நாடு 1930 களின் பிற்பகுதியில் வைசூரியை விரட்டியது. யுத்தத்தின் பின்னர் நோய் அங்கே திரும்பி வந்தது வேறு கதை. ஆனால் வெப்ப நாட்டிலும் இது கைகூடும் என்பது உறுதியாயிற்று.

இலண்டன் லிஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த லெஸ்லி கொலியர் 1955 இலே இதற்கு முழு வடிவம் தந்தார். கன்றின் தோலிலிருந்து வரும் கலவையில் அழுக்கும் வேறு கிருமிகளும் உண்டு. அவர் அதைச் சுழற்றித் தூய்மையாக்கி, நூற்றுக்கு 5 வீதம் பெப்டோன் என்னும் புரதப்பொருளைச் சேர்த்து, உறைய வைத்து உலர்த்தினார். பெருந்தொகையாக, ஒவ்வொரு முறையும் ஒரே தரத்தில் உற்பத்தி செய்யத்தக்கதாக அம்முறை அமைந்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனம், 37 பாகை வெப்பத்தில் நான்கு வாரம் கிடந்த பின்னரும் வலிமை குன்றாத மருந்தே ஏற்கத்தக்கது என விதித்தது. முன்னர் சில நாட்களையே தாங்காத மருந்துக்கு இஃது எத்தகைய மாற்றம்!

1958 இல் சோவியத் நாட்டுப் பிரதிநிதி ஸ்தானோவ், வைசூரியை உலகிலிருந்தே ஒழிக்கவேண்டும் என உலக சுகாதாரப் பேரவையில் முன்மொழிந்தபோது, அவருக்குத் துணிவளித்தவற்றுள் இவ்வுலர்ந்த மருந்தும் ஒன்று. இந்தியா 1962 இலே தன் தேசிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. சோவியத் நாடு உலர்ந்த மருந்தை வாரி வழங்கியது. நாளடைவில் இந்தியாவிலேயே கிண்டி, ஐதராபாத், பெல்காம், பத்வாடங்கர் ஆகிய நான்கு இடங்களில் அது உற்பத்தியாயிற்று. ஒரு காலத்தில் லனோலினில் அம்மைப்பாலைக் குழைத்த கிங் அவர்களின் பெயர் தாங்கிய நிலையத்திலிருந்தே, பனிக்கட்டி வேண்டாத மருந்து கிராமங்களுக்குப் புறப்பட்டது. ஊழியர்கள் அதைப் பையிலிட்டுச் சுமந்து, மாட்டுவண்டியும் செல்லாத இடங்களுக்குக் கால்நடையாய்ச் சென்றார்கள். புயங்களில் வடு விழுந்தது.

1977 ஒக்டோபரில் சோமாலியாவில் இயற்கையாய்த் தோன்றிய இறுதி நோயாளி காணப்பட்டார். 1980 மே மாதம் 8 ஆம் திகதி உலகம் வைசூரியிலிருந்து விடுதலை பெற்றதாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் மாத்திரம் முப்பது கோடி மக்களைக் கொன்றதாக மதிப்பிடப்படும் ஒரு நோய் அடியோடு ஒழிந்தது. நோயாளரைத் தேடி அலைந்த ஊழியர், இரு முனை ஊசி, அரசுகளின் ஒற்றுமை ஆகிய யாவும் அதற்குக் காரணமாயின. எனினும் நீரை நீக்கக் கற்றிராவிட்டால் அவை யாவும் வழியிலேயே தளர்ந்திருக்கும்.

நீர் திரும்பும் வேளை

இன்று தோட்டக் கிளினிக்குகளிலே நம் குழந்தைகளுக்கு ஏற்றப்படும் மருந்துகளுள்ளும் உலர்ந்தவை உண்டு. பிறந்தவுடன் இடும் பி.சி.ஜி., ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் இடும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பு மருந்து ஆகியன அத்தகையவை. இவை உலர்ந்த நிலையிலும் குளிர்பெட்டியிலே வைக்கப்பட வேண்டியவைதான். ஆயினும் வழியில் நேரும் சிறு தடங்கலை அவை பொறுத்துக்கொள்ளும். உலர்ந்த சின்னமுத்து மருந்து 37 பாகையில் ஒரு வாரம் வரை தாக்குப்பிடிக்கும். நீர் கலந்துவிட்டாலோ, அதே வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள் தன் வலிமையில் ஏறக்குறைய முழுவதையும் இழந்துவிடும். ஒரு வாரம் எங்கே, ஒரு மணி நேரம் எங்கே! நின்றிருந்த காலம், நீர் பட்ட கணத்திலே மீண்டும் ஓடத் தொடங்குகின்றது.

வலிமை இழப்பது மாத்திரமன்று. நீர் வந்தால் மருந்து மாத்திரமா விழிக்கும்? உள்ளே புகுந்த வேண்டாத கிருமிகளும் பெருகும். 2017 இல் தென் சூடானிலே ஒரு கிராமத்தில், கலக்கிய சின்னமுத்து மருந்தைக் குளிரின்றி நான்கு நாட்கள் வைத்து, ஒரே ஊசிக்குழலால் ஏற்றியதன் விளைவாகப் 15 குழந்தைகள் மாண்டார்கள். 2014 இல் சிரியாவிலே, மருந்தைக் கலக்குவதற்குரிய தூய நீருக்குப் பதிலாக வேறொரு மருந்தைத் தவறுதலாகக் கலந்ததால் குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். பழுது தடுப்பு மருந்தில் இல்லை. அதற்கு நீரைத் திருப்பிக் கொடுத்த முறையிலே இருந்தது.

இதனாலேயே கலக்கிய புட்டியை ஆறு மணி நேரத்துக்குள், அல்லது அன்றைய கிளினிக் முடிந்தவுடன், எது முந்துமோ அப்போது எறிந்துவிட வேண்டும் என்பது விதி. கொழுந்துக் கணக்கை முடித்துவிட்டு, குழந்தையை இடுப்பிலேற்றி, மலைப்பாதையில் ஓடோடி வந்த தாயிடம், “புட்டி முடிந்தது, அடுத்த கிளினிக்குக்கு வாருங்கள்” என்று கூறப்படும்போது, “பாதி மருந்து இருக்க ஏன் வீசினார்கள்?” என்று அவள் மனம் புழுங்குவது இயல்பே. அரைநாட் சம்பளம் அவளுக்குச் சிறிதன்று. ஆனால் அந்தப் பாதிப் புட்டி பால்போலத் தோன்றினும் பயனற்ற நீராக, அல்லது நஞ்சாகவே மாறியிருக்கலாம். அதை எறிந்த குடும்பநல உத்தியோகத்தர் அவள் குழந்தையைக் காத்தவரேயாவார். அதே வேளையில், வேலைநேரம் முடிந்து தாய்மார் வரத்தக்கதாகக் கிளினிக் நேரத்தை அமைப்பது நிருவாகத்தாரும் அதிகாரிகளும் கூடிச் செய்யவேண்டிய கடமை. விஞ்ஞானம் காலத்தை நிறுத்திக் காட்டினாலும் கைக்கடிகாரத்தை அது நிறுத்த முடியாது.

இனி வருவது

எல்லா மருந்தையும் இவ்வாறு உலர்த்திவிட முடியாதா? முடிவதில்லை. முக்கூட்டு மருந்து போன்றவற்றில் அலுமினிய உப்பு சேர்ந்திருப்பதால், உறைந்தால் அது திரண்டு மருந்தையே கெடுத்துவிடும். ஆகவே குளிர்பெட்டியின் பனித்தட்டருகே அவற்றை வைப்பதுகூடத் தவறு. கொவிட் காலத்தில், 2021 இல், சில மருந்துகளுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 70 பாகையளவான குளிர் தேவைப்பட்டதை நாமெல்லாரும் செய்தித்தாளிற் படித்தோம். அந்தக் குளிரை ஏழை நாடுகள் எங்கே தேடும்?

ஆகவே புதிய வழிகளைத் தேடுகின்றார்கள். பால்மா செய்வதுபோல, மருந்தை நுண்துளிகளாகத் தெளித்து வெப்பக்காற்றில் நொடியில் உலர்த்துவது ஒரு வழி. நுரையாக்கி உலர்த்துவது மற்றொரு வழி. புனேயிலே தயாரான உலர்ந்த மூளைக்காய்ச்சல் தடுப்பு மருந்தொன்று, 40 பாகை வரையான வெப்பத்தில் நான்கு நாட்கள் வரை குளிர்பெட்டிக்கு வெளியே வைக்கத்தக்கதென 2012 இல் அங்கீகரிக்கப்பட்டு, ஆபிரிக்கக் கிராமங்களுக்குச் சென்றது. இன்னும் ஒரு படி மேலே சென்று, நுண்முனைகள் நிறைந்த ஒட்டுத்துண்டிலே சின்னமுத்து, ருபெல்லா மருந்தை உலர்த்திப் பதித்து, தோலில் ஒட்டினாலே போதும் என்னும் முறை காம்பியா நாட்டுக் குழந்தைகளிடத்துச் சோதிக்கப்பட்டு, நற்பலன் தந்ததாக 2024 இல் லான்செட் வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. அது வெற்றி பெற்றுப் பரவுமாயின், கலக்க நீரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், வீசியெறியப் பாதிப் புட்டியும் இராது.

அந்நாள் வரும்வரை பெற்றோர் செய்யத்தக்கது எளியதே. குறித்த நாளில், குறித்த நேரத்துக்கு முன்னரே கிளினிக்குக்குச் செல்லுங்கள். குழந்தையின் வளர்ச்சிப் பதிவு அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். மருந்து எப்போது கலக்கப்பட்டது என்று கேட்பது மரியாதைக் குறைவன்று, தாயின் உரிமை. மாணவர்களோ, அடுத்த முறை தேயிலைத் தொழிற்சாலையின் பக்கம் போகும்போது உள்ளே எழும் மணத்தை நுகர்ந்து, சூட்டினால் உலர்த்துவது எங்கே உதவும், எங்கே உதவாது என்று சிந்தித்துப் பாருங்கள். பின்னர் வீட்டிலே ஐம்பது வயதைக் கடந்த பெரியவர்களின் புயத்தை உற்றுப் பாருங்கள். அங்கே காணும் பழைய வைசூரித் தடுப்பு வடுவை உங்கள் புயத்திலே தேடினாற் கிடைக்காது. அது கிடைக்காதிருப்பதே அவர்கள் நமக்கு வைத்துப்போகும் பெருஞ்செல்வம்.